கடற்பாசி வயிறு

பிரிட்ஜிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்த வயிறு சூடாக இருந்தது.

மின்ஹா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டுப் பார்ப்பதுபோல விரல் நுனியால் மறுபடி தொட்டாள். இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, பிரிட்ஜ் நின்றுபோயிருக்கும், அது சரி. ஆனால் அந்த அறையில் மற்றதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. இரும்புக் கட்டில், சுண்ணாம்புச் சுவர், கதிரையின் கைப்பிடி, அவளுடைய மூக்கு நுனிகூட. இவ்வளவு குளிரில் ஒரு வயிறு சூடாக இருப்பதற்கு ஒரு டொக்டராக அவளுக்கு ஒரே காரணம்தான் தெரியும். அந்தக் காரணம் இதற்குப் பொருந்தாது.

ஏனென்றால் அது மனித வயிறு அல்ல. ஸ்கேன் பழக்குவதற்காகக் கண்டி டொக்டர் இராமநாதன் தன் கையால் செய்தது. பெரிய இடங்களில் இதற்கென்றே வெளிநாட்டுப் பொம்மைகள் இருக்கின்றன. மலைப்பக்கத்து டொக்டர்மாருக்கு ஊர் ஊராகப் போய்ப் படிப்பிக்கிற மனிதருக்கு அவை எட்டாது. ஆகவே ஒரு அகலமான பேசனில் ஜெல்லியாக உறைகிற கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, நடுவே கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் பிள்ளை ஒன்றைத் தலைகீழாக அமிழ்த்தி, மேலே ரப்பர் தோலை இழுத்துக் கட்டிவிடுவார். ஸ்கேன் கருவியின் முனையான புரோப்பை மேலே வைத்தால் திரையில் தலை தெரியும், முதுகு தெரியும், மடங்கிய கால் தெரியும். "இதயத்தை மட்டும் இதுல தேடாதீங்க, அது உண்மையான தாய்மார்கிட்டதான் கிடைக்கும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிச் சிரிப்பார்.

நோன்பு மாதத்தில் குண்டசாலை வீட்டில் உம்மா காய்ச்சும் கடற்பாசிக்கு ரோஸ் எசன்ஸ் மணக்கும். இதற்கு நேற்றுவரை டெட்டோல் மணந்தது. இப்போது மின்ஹா குனிந்தபோது வந்தது வேறொன்று. லேசான இனிப்பும் உப்பும் கலந்த, வெதுவெதுப்பான வாசம். பன்னீர்க்குடம் உடைந்ததும் பிரசவ அறையில் எழுகிற வாசம்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். காலை பத்து மணியைத் தாண்டியிருக்கும். ஆனாலும் வெளியே தேயிலை மலை இல்லை, பாதை இல்லை, வெள்ளைப் பனிப்புகார் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தகரக் கூரையில் மழை ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது.

புசல்லாவைக்கு மேலே, தோட்டத்துப் பழைய பிரசவ நிலையம் அது. இரண்டே அறைகள், நடுவில் ஒரு கதவு. இங்குள்ள தாய்மார் ஒரு ஸ்கேன் எடுப்பதற்காகப் பெரிய வயிற்றோடு பஸ் ஏறிக் கண்டிவரை குலுங்கிப் போகிறார்கள். அதை நிறுத்தத்தான் இந்தக் கைக்கருவிகளும் பயிற்சியும். மின்ஹா நேற்று மாலையே பஸ்ஸில் வந்து, முச்சக்கரவண்டியில் மேலேறித் தங்கிவிட்டாள். வகுப்பில் அவளுடைய கைதான் மந்தம். மற்றவர்கள் வருமுன், இராமநாதன் முன்கூட்டியே அனுப்பிவைத்த வயிற்றில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

போன் அடித்தது. இராமநாதன்.

"மின்ஹா, கீழ வளைவுல மேடு சரிஞ்சிருச்சு. எங்க வேன் இங்கேயே நிக்குது. நீங்க எங்கேயும் இறங்கி வராதீங்க, கேக்குதா? மிட்வைஃப் அம்மா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க டொக்டர். பக்கத்து லயத்து வீடுகளுக்குப் போயிருக்காங்க. டொக்டர், இந்த வயிறு…"

"ஆமா, அதுல பழகிக்கிட்டு இருங்க. பாதை திறந்ததும்…"

குரல் கரகரத்தது. பிறகு ஒன்றுமில்லை. மின்ஹா ஜன்னலருகே, கதவருகே, கட்டில்மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தாள். போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட எழவில்லை.

சரி, பழகுவோம் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெல்லைப் பிழிந்து, புரோப்பை ரப்பர் தோலின்மேல் வைத்தாள். கையடக்கத் திரை ஒளிர்ந்தது. சாம்பல் மூட்டத்துக்குள் தலை வந்தது, வட்டமாக, வெள்ளை விளிம்போடு. கையைச் சரித்தாள். கழுத்து, முதுகு. இராமநாதன் சொல்லித் தந்ததுபோல மெல்ல, மிக மெல்ல. நெஞ்சுக்கூடு.

அங்கே ஏதோ துடித்தது.

தன் கை நடுங்குகிறது என்று முதலில் நினைத்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கை அசையவில்லை, படமும் அசையவில்லை. அந்தச் சின்னப் புள்ளி மட்டும் மூடித் திறந்து மூடித் திறந்து, காற்றில் அகல்விளக்கின் சுடர் படபடப்பதுபோலத் துடித்தது. தன்னுடைய நாடியின் அதிர்வாக இருக்குமோ என்று இடதுகை விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். அவளுடையது வேறு கதி. திரையில் இருந்தது அதைவிட இரு மடங்கு வேகம்.

துடிப்பை எண்ணும் பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் நூற்று நாற்பத்திரண்டு என்று எழுந்தது. சுகமான பிள்ளையின் துடிப்பு. வகுப்பில் இதுவரை ஒருமுறையாவது இவ்வளவு சுத்தமாக அவள் ஒரு இதயத்தைப் பிடித்ததில்லை.

புரோப்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து வயிற்றை மூடினாள். கருவி பழுது. ஈரக் காற்று உள்ளே போயிருக்கும். இதை வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே பேசனைவிட்டு நகர்ந்து சுவரோடு சாய்ந்து நின்றாள்.

முன்கதவு தடாலென்று திறந்தது. மிட்வைஃப் இராஜேஸ்வரி முழுக்க நனைந்து நின்றார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு அபாயாவின் விளிம்பெல்லாம் சேறாக, ஓர் இளம் பெண்.

"டொக்டர், இது நம்ம சந்திக் கடைக்காரரோட வீட்டுக்காரி, ரபீகா. எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. விடியக்காலையில இருந்து புள்ள அசையலையாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல டொக்டர்" என்றாள் ரபீகா. உதடு வெளுத்திருந்தது. "சுபஹுத் தொழுகைக்கு எழும்பின நேரம் ஒருக்காப் பொரண்டிச்சு. பொறகு ஒண்ணுமில்ல. வவுறு ஐஸ் மாதிரி இரிக்கி. அவரு சாமான் எடுக்கக் கண்டிக்குப் போன. ரோட்டு மூடியாம், வர ஏலாம நிக்கிற."

"பயப்படாதீங்க, பாப்பம்" என்று அவளை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தாள் மின்ஹா. ரபீகாவின் வயிற்றில் கைவைத்தாள். குளிர்ந்திருந்தது. மழையில் நனைந்த குளிர் அல்ல. உள்ளிருந்து வரும் குளிர். பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல.

புரோப்பை வைத்தாள். தலை வந்தது. மிகப் பளிச்சென்று, மிக உருண்டையாக. எலும்பின் வெண்மை அல்ல அது. எலும்பு கொஞ்சம் ஒலியையாவது உள்ளே விடும். இது எல்லாவற்றையும் திருப்பி அடித்தது, பின்னால் கரும் நிழல் பள்ளம்போல விழுந்தது. கையைச் சரித்தாள். முதுகெலும்பின் மணிக்கோவை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரே வளைவு. காதிலிருந்து இடுப்புவரை நேர்கோடாக ஒரு தழும்பு ஓடியது. அச்சில் வார்த்த இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒட்டினால் வரும் தழும்பு.

நெஞ்சுக்குள் கறுப்பு. வெறும் கூடு.

"இதயம் அடிக்குதா டொக்டர்?" என்றாள் ரபீகா.

மின்ஹா திரையை ரபீகாவின் கண்ணில் படாமல் திருப்பிக்கொண்டாள். ஆனால் இராஜேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டார். எத்தனையோ பிரசவம் பார்த்த அந்தப் பெண்ணுக்கு அது போதும். மின்ஹாவை வாசல்வரை இழுத்துப்போய்க் காதருகே சொன்னார்:

"மேல் பாதையால ஃபெக்டரிக்குப் போய் நாலு ஆம்பளையாளுங்களக் கூட்டிட்டு வர்றேன். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு மறுபக்கத்தால இறக்கிடலாம். நீங்க ரபீகாவ விட்டு நகராதீங்க."

"அம்மா, நீங்க போகவேணாம். தனியா என்னால…"

"வேற வழி இல்ல டொக்டர்."

புகார் அவரை மூன்றாம் அடியிலேயே விழுங்கிவிட்டது. குடைக் கம்பியில் மழை விழும் ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு அடியிலிருந்து ஒரு முனகல், மலையே புரண்டு படுப்பதுபோல. கதவு நிலை அதிர்ந்தது. மின்ஹா வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். படிக்கட்டு இருந்த இடத்தில் செம்மண் கூழ் நகர்ந்துகொண்டிருந்தது, வேரோடு தேயிலைச் செடிகளைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு. இடப்பக்கமும் அதே. வலப்பக்கமும் அதே.

"இராஜேஸ்வரி அம்மா!"

மறுபடியும் கூப்பிட்டாள், அதற்குள் சேறு வாசல்வரை ஏறிவிட்டது.

கதவைச் சாத்தினாள். சேறு கதவின் மறுபுறம் மெதுவாக, சாய்ந்து உட்காரும் ஆளைப்போல, வந்து அழுத்தியது. பின்கதவு கிடையாது. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி.

உள்ளறையிலிருந்து ரபீகா கூப்பிட்டாள். "டொக்டர்…"

"இந்தா வாறன்."

"டொக்டர், அங்கால ரூம்ல ஆருட புள்ள?"

மின்ஹா மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சிணுங்குற சத்தம் கேக்குது. பசிக்குதோ என்னமோ."

மின்ஹாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும். சேறு மட்டும். இருந்தும் கால்கள் அவளை மேசைக்கு அருகே கொண்டுபோயின. துண்டு ஈரமாக இருந்தது. விலக்கினாள். ரப்பர் தோல் வியர்த்திருந்தது. முத்து முத்தாக.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே புரோப்பை வைத்தாள்.

இதயம் இருந்தது. ஆனால் இப்போது தயங்கித் தயங்கி. நூற்றுப் பத்து. கையை வைத்தபடியே நின்றாள். தொண்ணூறு. முதுகெலும்பின் மணிக்கோவை தெளிவாகத் தெரிந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. பிள்ளை வாயைத் திறந்தது, மூடியது. எண்பது. எழுபது.

இதற்கு என்ன செய்வது என்று எந்த டொக்டரும் யோசிக்க மாட்டார். துடிப்பு இப்படி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. எடுத்துவிட வேண்டும். உடனே. ஆனால் இது கடற்பாசி. பேசன். பிளாஸ்டிக்.

அறுபது.

"டொக்டர், அதைத் தூக்குங்களேன்" என்று அழுதாள் ரபீகா மறுபக்கத்திலிருந்து. "அல்லாவுக்காகத் தூக்குங்க. மூச்சு முட்டுது அதுக்கு."

"பிஸ்மில்லாஹ்" என்றாள் மின்ஹா. யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இராஜேஸ்வரியின் தட்டிலிருந்து கத்தியை எடுத்தாள். ரப்பர் தோலின் கீழ்ப்பக்கத்தில், எங்கே வெட்டப் பழக்கியிருந்தார்களோ அங்கே, குறுக்கே இழுத்தாள்.

தோல் விரிந்தது. உள்ளே கடற்பாசி இல்லை. இளஞ்சூட்டில் தண்ணீர் பொங்கி மேசையில் வழிந்து அவளுடைய செருப்பை நனைத்தது. அந்த வாசம் அறை முழுக்க எழுந்தது.

கத்தி கீழே விழுந்தது. வலதுகையை உள்ளே விட்டாள். தலையைத் தேடினாள். வழுக்கும் சுவர், தண்ணீர், சூடு. மணிக்கட்டுவரை போயிற்று. பேசன் ஒரு சாண் ஆழம்தான். முழங்கைவரை போயிற்று. அடி தட்டுப்படவில்லை.

அப்போது ஏதோ அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்தது.

சின்னப் பிடி. பிறந்த பிள்ளைகள் பிடிக்கிற பிடி. அவள் எத்தனையோ முறை அந்தப் பிடிக்காகச் சிரித்திருக்கிறாள்.

"வா" என்று மெதுவாக இழுத்தாள். "வா ராசா, வா."

வரவில்லை. மறுபடி இழுத்தாள். விரல் விடுபடவில்லை. கையை உதறினாள். பிடி இறுகியது. தோள்பட்டை பேசனின் விளிம்பில் மோதியது. இன்னும் ஒரு இழுப்பு. அவள் இழுத்ததல்ல.

"எடுத்தாச்சா டொக்டர்?" ரபீகாவின் குரல் இப்போது நிம்மதியாக இருந்தது. தூக்கம் கலந்திருந்தது. "எனக்கு வலியே இல்ல இப்ப. ஒண்ணுமே இல்ல."

மின்ஹாவின் கன்னம் ஈர ரப்பரில் அழுந்திக் கிடந்தது. இடதுகையில் இன்னும் புரோப் இருந்தது. அது தானாகச் சரிந்து தோலின்மேல் படிந்திருந்தது. முகத்துக்கு நேரே திரை.

சாம்பல் மூட்டம் மெல்லத் தெளிந்தது. நடுவே அவளுடைய கை. எலும்பு எலும்பாக, ஐந்து விரலும் விரிந்து. சுட்டுவிரலைச் சுற்றி ஒரு குட்டிக் கை. பெருவிரலைச் சுற்றி இன்னொன்று. மணிக்கட்டில் ஒன்று. அதற்குக் கீழே, நிழலுக்குள்ளிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அவளுடைய முழங்கையை நோக்கி, அத்தனை சின்ன விரல்கள்.

ஒவ்வொரு கைக்கும் பின்னால் ஒரு புள்ளி, மூடித் திறந்து, மூடித் திறந்து.