மாப்ளையைக் காணோம்

"குழி காலியா இருக்கு மேடம்!"

தோண்டியவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அலறினான்.

கூட்டம் ஓரடி பின்னால் போனது... பிறகு இரண்டடி முன்னால் வந்தது. பயத்தை விட வேடிக்கை பார்க்கும் ஆசை பெரியதாயிற்றே!

சப்-இன்ஸ்பெக்டர் மணிமேகலை குனிந்து பார்த்தாள்.

வாடிய மாலை இருந்தது. மஞ்சள் துண்டு இருந்தது. நேற்று சாயங்காலம் தப்பு அடித்து, ஊரே கூடிப் புதைத்த பிணம் மட்டும் இல்லை.

இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் மாப்ளை. தொழில், கண்ணில் பட்டதைப் பிடுங்குவது. அங்க அடையாளம்... நீளமான வால்.

குரங்குதான். ஆனால் இந்த ஊரில் 'குரங்குதானே' என்று சொன்னவர் முழுசாக இலுப்பூர் பஸ் ஏற முடியாது. இங்கே குரங்கு செத்தால் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பாடை கட்டித்தான் தூக்குவார்கள். மறுநாள் காலையில் குழிமேட்டில் பால் தெளிப்பார்கள்.

இன்று பால் தெளித்த ஈரம் காயும் முன்பே தோண்ட வேண்டியதாகிவிட்டது. காரணம் டீக்கடை அடைக்கலம். புதைத்த கையோடு ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்துவிட்டார். கொய்யாத்தோப்பு ராக்கன் விஷம் வைத்துவிட்டானாம்.

"பொணத்த அறுத்துப் பாக்காம கேஸ் நிக்காதுண்ணே. காலையில தோண்டிருவோம்" என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தாள் மணிமேகலை.

அறுக்க வந்த கால்நடை டாக்டர் பிளெஸ்ஸி கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

"இவன்தான் ராவோட ராவா தூக்கியிருப்பான்." கூட்டத்தில் யாரோ ராக்கனின் சட்டையைப் பிடித்தார்கள்.

மணிமேகலை லத்தியைக் குறுக்கே நீட்டினாள்.

ராக்கனின் நிலைமை சரியில்லை. மாப்ளையின் கூட்டத்தால் கொய்யா மகசூலில் பாதியை இழந்தவன். கடைத்தெருவில் நின்று, "ஒரு நாள் இல்ல ஒரு நாள் வெஷம் வச்சிருவேன்" என்று கத்தியவன். வாயால் கெட்டவன்! விஷம் என்று தெரிந்தால் அவனுக்கு ஜெயில். பிணம் கிடைக்காமல் போனால் ஊரே தீர்ப்பு எழுதிவிடும். அதற்கு ஜெயிலே தேவலாம்.

"நீ எடுத்தியா?"

"நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்? அத அறுத்தாத்தான எனக்கு விடுதல. அந்தப் பொணத்த விட்டா எனக்கு வேற சாட்சி ஏது?"

நியாயமாகத்தான் பட்டது.

"சும்மா கேட்டா சொல்ல மாட்டான் மேடம்" என்றார் அடைக்கலம். அழுது அழுது கண் சிவந்திருந்தது. "கரண்டு கம்பியில ஆத்தாக்காரி செத்து விழுந்தப்ப, உள்ளங்கை அளவுல கெடந்துச்சு. எந்நெஞ்சு மேல போட்டு வளத்தேன். நேத்து வரைக்கும் எங்கூடத்தான் படுத்துச்சு."

மணிமேகலைக்கே மனசு கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் போலீஸ் கண் சும்மா இருக்குமா? குழியைச் சுற்றி ஒரு தடவை மேய்ந்தது.

முன்னால் நின்ற கிழவி கையில் பால் சொம்பு. பக்கத்தில் நின்றவள் கையில் சொம்பு. யாரைப் பார்த்தாலும் சொம்பு.

ஒருத்தர் மட்டும் வெறுங்கை.

"பாலாஜி..." கான்ஸ்டபிளை ஓரமாக இழுத்தாள். "இந்த ஊர்ல அதிகமா பால் வாங்குறது யாருய்யா?"

"டீக்கடை அடைக்கலம்தான் மேடம்."

"பெத்த பிள்ள மாதிரின்னு அழுவுறாரு. பால் தெளிக்கப் பாலே இல்லாம வந்திருக்காரு."

பாலாஜி வாயைப் பிளந்தான். "மறந்திருப்பாரோ?"

"காலிக் குழிக்கு எதுக்குப் பாலுன்னு விட்டுட்டாரு. வா, அவரு கடைப் பக்கம் போவோம்."

டீக்கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். மரத்தடியில் புது மண். மண்ணில் வெள்ளையாக ஈரம்... அதில் எறும்புகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன.

பின்னாலேயே ஓடி வந்த அடைக்கலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அறுக்கணும்னு சொன்னீங்களே மேடம்... எம் புள்ள மேல கத்தி வைக்க மனசு வரல."

"புகார் குடுத்ததே நீங்கதானண்ணே?"

"கேஸ் போடத்தான சொன்னேன்... அறுக்கச் சொல்லலியே."

மணிமேகலை டாக்டரைக் கூப்பிட்டாள். மண்ணைத் தோண்டி மாப்ளையை எடுத்து, தார்ப்பாய் மறைப்பு கட்டினார்கள். ராக்கன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து பிளெஸ்ஸி வெளியே வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

"வெஷம் தின்ன அறிகுறியே இல்ல."

ராக்கன் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டான்.

"அப்ப எப்படி செத்துச்சு?"

"நுரையீரல் பூரா கட்டி கட்டியா இருக்கு. பாத்தா டிபி மாதிரி தெரியுது. லேப்ல உறுதி பண்ணணும்."

"கொரங்குக்கு டிபியா?"

"காட்டுல தானா வர்றது அபூர்வம் மேடம். பெரும்பாலும் மனுசங்ககிட்ட இருந்துதான் தொத்தும். நாள்பட்ட இருமல் உள்ளவங்க யார்கூடயாவது இது ஒட்டிப் பழகுச்சா?"



எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது!

அடைக்கலம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். இருமி முடித்து நிமிர்ந்தார். ஊரே தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"அடுப்புப் பொகை இருமல்னுதான மேடம் நெனச்சேன்..." குரல் உடைந்தது. "நானா கொன்னேன்?"

மணிமேகலை எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்தவள்தான். பாசம் வைத்தே கொன்றவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

ராக்கன்தான் முதலில் அசைந்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"ஏறுய்யா ஆஸ்பத்திரிக்கு. இங்க ஒக்காந்து அழுதா சரியாப் போயிருமா?"

சில நாளில் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. அடைக்கலத்துக்கு டிபிதான். மாப்ளைக்கும் அதேதான் என்று லேப் உறுதி செய்தது. பாடை தூக்கியவர்களையும் பரிசோதிக்கச் சொல்லிவிட்டாள் பிளெஸ்ஸி. மிச்சக் குரங்குகளைக் கண்காணிக்க வனத்துறை ஆள் போட்டது. யாரும் கையால் தீனி கொடுக்கக் கூடாது என்று போர்டும் வைத்தது.

மணிமேகலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அடைக்கலம் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வெலங்கு போடுங்க மேடம். எம் புள்ளையக் கொன்னவனுக்குத் தண்டன வேணும்."

"தீர்ப்பு ஏற்கெனவே வந்துருச்சுண்ணே. ஆறு மாசம். தெனம் மாத்திர. ஜாமீன் கெடையாது."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். மாத்திரை அட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தான் ராக்கன்.

"இவர்தான் ஒங்க வார்டன். பழைய பகை வேற இருக்கு... பாத்து நடந்துக்கங்க!"