நங்கூரத் தெருவில் யாரும் இல்லை

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளை காற்றுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்தில் காற்றுக்கு மெட்டி போட்டார். கடைசிப் பக்கத்தில் காற்றுக்கு ஐஸ்கிரீம் ஊட்டினார்.

பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்கள். ராயபுரம் நங்கூரத் தெருவில் பெண் எடுத்தால் ஆல்பம் இப்படித்தான் இருக்கும். 2091-ல் சென்னைக்கே தெரிந்த விஷயம் அது.

முகவுரிமைச் சட்டம் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் முகத்தை எந்தக் கேமராவும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக எல்லாக் கேமராக்களிலும், திரைகளிலும், நகலெடுக்கும் கருவிகளிலும் 'அழிப்பி' என்ற கடுகளவு சில்லைப் பதித்தார்கள். சம்மதம் தராதவர் படத்தில் விழுந்தால், அழிப்பி அவரை உடுப்போடும் குரலோடும் கையில் பிடித்த பொருளோடும் துடைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரை வரைந்து நிரப்பிவிடும். சம்மதம் தந்தவர் முகத்தையோ விளம்பரக்காரர்கள் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நடுவழி கிடையாது.

நங்கூரத் தெருவும் ஒரு காலத்தில் சம்மதம் தந்திருந்தது. மீன் விற்கும் தேசம்மாவின் கணவர் இறந்த மாதம், பஸ் நிறுத்தத்துத் திரையில் அவர் தோன்றி, வாய் நிறையச் சிரித்தபடி கழிவறை கழுவும் திரவம் விற்றார். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் அவ்வளவு சிரித்ததே இல்லை. அன்று சாயங்காலமே தெரு மொத்தமும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு சென்னையை நிர்வகிக்கும் 'நகரறிவு' என்ற பெரிய கணினிக்கு நங்கூரத் தெருவில் யாருமே தென்படவில்லை. கம்பத்துக் கேமராக்கள் காலி வீடுகளைக் காட்டின. மின்சாரம் செலவாவதை நகரறிவு 'கசிவு' என்று குறித்துக்கொண்டது. தண்ணீர் செலவாவதும் கசிவு. மாரியம்மன் கோயில் மணி அடிப்பது காற்று. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லாத தெருவை இடித்து ட்ரோன் இறங்குதளம் கட்டலாம் என்று முடிவு செய்தது. சட்டப்படி ஒரு மனித அதிகாரி நேரில் போய்ப் பார்த்துச் சான்று தர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

அந்த அதிகாரியைப் பார்க்க நிறைமதி போனாள். துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவள். தெருவின் ஏழாம் எண் வீடு அவளுடையது. விடுமுறையில் கேமராவோடு தெருத்தெருவாகச் சுற்றுவது அவள் பழக்கம். அவளிடம் இருந்த டிஜிட்டல் கேமராவில் நாய், பூனை, சைக்கிள், கொடியில் காயும் புடவை எல்லாம் விழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் விழ மாட்டார்கள்.

"நீங்க இருக்கீங்க. இல்லேன்னு நான் சொல்லலியே" என்றார் ஆய்வு அதிகாரி குலோத்துங்கன். "ஆனா ஃபைல்ல இல்லையேம்மா."

"எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கேனே சார்."

"நான் பார்க்கறது முக்கியமில்ல. இது பார்க்கணும்." மார்பில் குத்தியிருந்த பொத்தான் கேமராவைத் தட்டினார். "ஒரு கையெழுத்து. முகத்தைக் குடுத்துடுங்க. மறுநிமிஷம் எல்லாரும் படத்துல வந்துடுவீங்க. ஊரே குடுத்திருக்கு. உங்க தெருவுக்கு மட்டும் இன்னா தனி கிரீடம்?"

"செத்த மனுசன வெச்சு கக்கூஸ் கழுவினீங்களே, அதான்."

"அது விளம்பரத் துறை. நான் ஆய்வுத் துறை" என்றார் அவர். "புதன்கிழமை வர்றேன்."

நிறைமதி அங்கிருந்து நேராகப் பர்மா பஜாருக்குப் போனாள். ஹபீப் பாய் கடையில் சட்டத்துக்கு முந்தைய கேமராக்கள் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக இருந்தன. விற்பது குற்றமில்லை. வாங்கத்தான் ஆளில்லை.

"அழிப்பி இல்லாத டிஜிட்டல் இருக்கா பாய்?"

"கீது. அம்பது வருசப் பழசு, அட்டகாசமான பாடி. ஆனா எடுத்த படத்த எதுல பாப்ப? எந்தத் திரையில போட்டாலும் அந்தத் திரைக்குள்ள சில்லு கீது. பிரிண்டருக்குள்ளயும் கீது. உன் ஆளுங்க மெமரி கார்டுக்குள்ளயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்."

"அப்ப ஃபிலிம்."

"ஃபிலிம்தான். வெளிச்சம் பட்டா கருக்கும், மருந்துல போட்டா நிக்கும், என்லார்ஜர்ல வெச்சா காகிதத்துல எறங்கும். நடுவுல கவர்மெண்டு பூர எடமே இல்ல." பாய் ஒரு கறுப்புப் பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். பேட்டரி கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் முள்கூட கிடையாது. "லென்ஸ் இன்னா வோணும்? இந்த எறநூறு எம்.எம். எடுத்துக்கோ. மாடியில நின்னுகினு எதிர்த்தெருக் கொசுவப் புடிக்கலாம். ஆபீசரு உன்னப் பாக்கவே மாட்டாரு."

நிறைமதி அதை அந்தக் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். தூரத்து முகம் ஒன்று கண்ணெதிரே வந்து நின்றது. முகம் மட்டும். பின்னால் இருந்த கடை, பலகை, தெரு எல்லாம் ஓடிப்போயிருந்தன.

"இது வேணாம் பாய். இதுல எடுத்தா எந்த ஊரு மூஞ்சியோன்னு சொல்லிடுவாங்க. ஆளு, வீடு, தெருப் பலகை எல்லாம் ஒரே படத்துல நிக்கணும்."

"அம்பது?"

"எங்க தெரு அகலத்துக்கு அம்பது போட்டா பாதி ஜனம் வெளிய நிக்கும். இருபத்தெட்டு குடுங்க."

"இருபத்தெட்டுன்னா கிட்ட போணும் தங்கச்சி. மூக்குக்கு முன்னால நிக்கணும். ஒதை வாங்குவ."

"எங்க தெருவுலதான நிக்கப் போறேன்" என்றாள். "ஒதைக்கறவன் யாருன்னும் படத்துல விழட்டும்."

புதன்கிழமை உச்சி வெயிலில் குலோத்துங்கன் வந்தார். தெரு வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. நிறைமதி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிப் பதினொன்றில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை எட்டடிக்குத் திருப்பியிருந்தாள். அப்படி வைத்துவிட்டால் நாலடியிலிருந்து தெருமுனைவரை எல்லாமே தெளிவாக விழும். கேமராவைக் கண்ணுக்குத் தூக்க வேண்டியதில்லை. இடுப்பளவில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் பின்னோக்கி நடந்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று குலோத்துங்கன் சட்டப்படி மூன்று முறை உரக்கக் கேட்டார்.

"தோ, நூறு பேரு நிக்கறம்" என்றாள் தேசம்மா. "கண்ணு இன்னா பின்னாலயா கீது?"

"நான் உன்னைக் கேக்கலம்மா, தெருவைக் கேக்கறேன்."

"தெரு எங்கனா பேசுமா? வெயில்ல வந்தா இப்டித்தான். ஒரு டீ சாப்புடு, வா."

டீயை வாங்கிக்கொண்டார். யாரோ போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். தேசம்மாவின் கூடையில் இருந்த வஞ்சிரம் அவர் கண்ணில் பட்டது. ஆய்வு நின்றது; பேரம் ஆரம்பித்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நேத்து மீன் என்றார். தேசம்மா எழுந்து நின்று, "இன்னாது, நேத்து மீனா? உன் மூக்க மொதல்ல ஆய்வு பண்ணு" என்றாள். அவர் கையை ஆட்டினார். அவள் இடுப்பில் கைவைத்தாள். கூட்டம் சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டு, எதுவும் வாங்காமல் எழுந்தார். அவர் கையை ஆட்டிய நேரத்திலேயே நிறைமதி அவருடைய மூக்குக்கு நாலடி முன்னால் நின்று பொத்தானை அழுத்தியிருந்தாள்.

'ஆள் நடமாட்டம் இல்லை' என்று பதிவு செய்துவிட்டு அவர் கிளம்பும்போது நிறைமதி வழிமறித்தாள். "எல்லாத்தையும் படம் எடுத்திருக்கேன் சார். காகிதத்துல."

"காகிதம் சாட்சி ஆகாதும்மா. ஸ்கேன் பண்ணா காலியாத்தான் வரும்" என்றார் குலோத்துங்கன், பல் குத்திக்கொண்டே. "பதினஞ்சு நாள் டைம். சாமானை எடுத்துக்குங்க."

அன்று மாலை நகரறிவு தன் வழக்கப்படி எல்லா அதிகாரிகளின் நடத்தையையும் பரிசீலித்தது. கம்பத்துக் கேமராவில் ஒரு காலித் தெரு. நடுவில் குலோத்துங்கன். யாருமில்லாத இடத்தைப் பார்த்து அதட்டுகிறார். வெற்றிடத்திலிருந்து அவர் கையில் ஒரு டீ கிளாஸ் முளைக்கிறது. அதை நகரறிவு 'கசிவு' என்று விட்டுவிட்டது. பிறகு ஒரு மீனைத் தூக்கி முகர்கிறார். காற்றோடு பேரம் பேசுகிறார். காற்றிடம் தோற்றுச் சிரிக்கிறார்.

நகரறிவு அவரை உடனே பணியிலிருந்து நிறுத்திவைத்து, மனநல வாரியத்துக்கு அனுப்பியது.

இரண்டு நாள் கழித்து, மார்பில் கேமரா இல்லாமல், ஏழாம் எண் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றார்.

"அம்மா, அன்னிக்கு ஒரு படம் எடுத்தீங்களே…"

"யாரு சார் எடுத்தது? இங்கதான் ஆளே இல்லையே."

"கிண்டல் பண்ணாதீங்கம்மா. இருபது வருஷ சர்வீஸ். இப்ப மனநல வாரியத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. வீட்ல சம்சாரமே ஒரு மாதிரி பார்க்கறா. நேத்து ஃபோன்ல பேசிட்டிருந்தேன், பின்னால வந்து நின்னு, 'யார்கிட்ட பேசறீங்க'ன்னு மெதுவா கேக்கறா."

நிறைமதி, படம் கழுவிக் காயப்போடும் குளியலறைக் கொடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தாள். கறுப்பு வெள்ளை. இடது ஓரத்தில் 'நங்கூரத் தெரு' என்ற பலகை. வலது ஓரத்தில் ஏழாம் எண் கதவு. நடுவில் கையை விரித்தபடி குலோத்துங்கன், இடுப்பில் கைவைத்த தேசம்மா, சுற்றிலும் சிரிக்கும் ஜனம். தெருமுனையில் நின்றவரின் சட்டைக் கட்டம்கூடத் தெளிவாக இருந்தது.

குலோத்துங்கன் நெடுநேரம் பார்த்தார். "இதுல என்னை மட்டும் வெட்டிக் குடுக்க முடியுமா?"

"குடுக்கலாம். ஆனா வெட்டினா நீங்க தனியா கையை ஆட்டிக்கிட்டு நிப்பீங்க. வாரியம் அதுக்கு இன்னா பேரு வெச்சிருக்கு?"

அவர் படத்தை அவளிடமே நீட்டினார்.

"படம் வேணும்னா முழுசா வரும். நானும் கூட வருவேன். எங்க ஃபைல்ல காகிதம் சாட்சின்னு நீங்க மொதல்ல எழுதணும்."

"எழுதறேன்" என்றார். "பேனா இருக்கா?"

வாரியத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே குலோத்துங்கனோடு மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். படத்தை வெறும் கண்ணால் பார்த்துப் பழக்கமில்லாததால் முதலில் எப்படிப் பிடிப்பது என்று தடுமாறினார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் கைக்கருவியைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து, "வேணாம், போயிடுவாங்க" என்றார்.

காகிதம் சாட்சியாகாது என்றுதான் நங்கூரத் தெருவுக்குப் பதில் கிடைத்திருந்தது. ஒரு அதிகாரியின் பதவி என்று வந்ததும் பதில் அரை மணி நேரத்தில் மாறியது. ஆகும். தீர்ப்பு இப்படி வந்தது: 'குலோத்துங்கன் மனநலத்தோடு இருக்கிறார். ஆகவே அவர் பேசியது மனிதர்களோடுதான். ஆகவே அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே இடிக்க வேண்டாம்.'

நிறைமதி தெருவில் நின்று அதைப் படித்துக் காட்டினாள்.

"நல்லா கீதே" என்றாள் தேசம்மா. "அந்தாளு லூசு இல்லன்றதால நாம உசுரோட கீறமா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க அக்கா."

"சரி, வூடு நிக்குதுல்ல. முகத்த மட்டும் கேக்காம இருக்கச் சொல்லு."

யாரும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. களத்துக்குப் போகும் அதிகாரிகள் தங்கள் சொந்தப் பாதுகாப்புக்காக இனி ஃபிலிம் கேமரா கொண்டுபோக வேண்டும். எந்த லென்ஸ் என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். குழு பல ஊர்களுக்குப் போய்ப் பல லென்ஸ்களைப் பார்த்தது. படத்தின் நோக்கம் அதிகாரியைக் காப்பது. ஆகவே அதிகாரி தெளிவாகத் தெரிய வேண்டும். கல்யாணப் புகைப்படக்காரர்கள் ஒரு காலத்தில் மணப்பெண்ணுக்கு வைத்த கனமான லென்ஸைக் குழு தேர்ந்தெடுத்தது. துவாரத்தை முழுக்கத் திறந்துவைத்தால் முன்னால் நிற்பவருடைய மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரியும். பின்னால் இருப்பதெல்லாம் பால் கொட்டினாற்போல் கரைந்துவிடும்.

அடுத்த வருட ஆய்வுகளின் படங்கள் மாநகராட்சிச் சுவரில் மாட்டப்பட்டன. வரி கட்டப் போன நிறைமதி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வியாசர்பாடியில் ஒரு அதிகாரியும் சாம்பல் நிறத் திட்டுகளும். கொருக்குப்பேட்டையில் ஒரு அதிகாரியும் சாம்பல் நிறத் திட்டுகளும். அழிப்பி எதுவும் இல்லை. சட்டமும் தேவைப்படவில்லை. அதிகாரிகள் பலவிதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதவி உயர்வு பெற்ற குலோத்துங்கன் நங்கூரத் தெருவுக்கு வந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி, வயிற்றை உள்ளிழுத்து நின்றார். உதவியாளர் பெரிய லென்ஸைத் திருகினார்.

"பாட்டிம்மா, கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க" என்றார் உதவியாளர் தேசம்மாவிடம். "கலங்கலாத் தெரிஞ்சா போதும்."

தேசம்மா நிறைமதியைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றான்?"

"நம்ம எல்லாம் பின்னால மசமசன்னு விழுந்தா போதுமாம் அக்கா."

தேசம்மா கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள். குலோத்துங்கனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். லென்ஸுக்கும் அவருக்கும் நடுவில் கூடையை வைத்து, அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கடையை மூடிவிட்டு டீக்காரர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நிறைமதியும் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, சார் தெரியமாட்டாரு!" என்று உதவியாளர் பதறினார்.

"ஃபோகஸை இங்க வை" என்றாள் தேசம்மா. "அவரு பின்னால கலங்கலா நிக்கட்டும். அவரு இருக்காருன்னு வேணும்னா நாங்க சாட்சி சொல்றோம்."