மூன்றாவது கதவுக்குப் பின்னால்

எங்கள் துறைமுகத்தில் மழை பிடித்துக்கொண்டால் படகு கடலுக்குப் போகாது. படகு போகாத நாளில் கதை உண்டு. வலைக் கொட்டகையில் கொரந்தான் மாமா பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றால் போதும், மீன் தொழிற்சாலைப் பெண்கள்கூட ஈரத் தலையோடு ஓடி வருவார்கள். அடடா, அது ஒரு காலம்!

அப்படி ஒரு மழை வாரத்தில்தான் பாரீஸிலிருந்து மதாம் ருவியே வந்து இறங்கினார். பெரிய தத்துவப் பேராசிரியர். தேவதைக் கதைகளை ஆராய்ந்து, தலையணை தலையணையாக மூன்று புத்தகங்கள் எழுதியவர். மைவென் வீட்டு மாடி அறையில் தங்கினார். மைவெனுக்கு அப்போது பத்து வயது. மதாமின் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே திரிவதில் அவளுக்கு ஏகப் பெருமை.

"இவ்ளோ படிச்சவங்க, சின்னப் பசங்க கதையைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

மதாம் சிரித்தார். "ஆறு வயசுல நான் இதே ஊர்லதான் இருந்தேன், மைவென். எங்க அப்பாவுக்குக் கலங்கரை விளக்கத்துல வேலை. ஒருநாள் கொரந்தானோட அப்பா கதை சொன்னார். கடல்ல மூழ்கிப்போன அண்ணனைத் தேடி ஒரு பொண்ணு கடலுக்கு அடியில போறா. அங்க மூணு கதவு. ரெண்டைத் திறந்துட்டா. மூணாவது கதவுகிட்ட வந்து நிக்கிறா..."

"அப்புறம்?"

"நான் தூங்கிட்டேன்."

மைவென் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே! அடுத்த வாரமே அப்பாவுக்கு பாரீஸுக்கு மாற்றல். அதுக்கப்புறம் எத்தனை நூலகம், எத்தனை ஊரு! ஆயிரம் கதை கிடைச்சுது, அது மட்டும் கிடைக்கல. கதவுக்குப் பின்னால என்ன இருக்கும்னு யோசிச்சு யோசிச்சே நான் தத்துவப் பேராசிரியர் ஆயிட்டேன்."

அந்தக் கதையின் முடிவு இப்போது கொரந்தான் மாமா ஒருவருக்குத்தான் தெரியும். ஏன் கேட்கிறார் என்று தெரியாமலே அவரும் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கொட்டகை நிரம்பி வழிந்தது. மதாம் டேப் ரெக்கார்டரை ஓட விட்டு, "யாரும் மூச்சு விடக்கூடாது. குரல் சுத்தமா பதிவாகணும்" என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "கிரிக்!" என்றார்.

எங்கள் ஊரில் கதை சொல்பவர் "கிரிக்!" என்றால், கேட்பவர்கள் "கிராக்!" என்று கூரை அதிரக் கத்த வேண்டும். நாங்கள் விழித்திருக்கிறோம், மேலே சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். பதில் வராவிட்டால் கதை அன்றோடு சரி. கைக்குழந்தைக்கும் தெரிந்த இதைப் போய் மதாமுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சின்ன வயதில் கேட்டதை அவரோ மறந்தே போயிருந்தார்.

மைவென் வாயைத் திறந்தாள். மதாம் உதட்டில் விரல் வைத்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"கிரிக்!" என்றார் மாமா மறுபடியும். நிசப்தம். டேப் மட்டும் சுற்றியது.

மாமா பீப்பாயிலிருந்து இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. "தூங்குங்க, நல்லா தூங்குங்க! இந்த வயசுல எனக்கு இந்த அவமானம் தேவையா?" என்று கத்திவிட்டு, விடுவிடுவென்று மழையில் நடந்து போய்விட்டார்.

மதாமின் முகம் வாடிவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணினேன்? நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பணுமே!"

அத்தனை பேர் முன்னால் சொன்னால் பாவம், மதாமுக்கு வெட்கமாக இருக்கும். கூட்டம் கலையும்வரை மைவென் காத்திருந்தாள். பிறகு கிரிக், கிராக் சமாசாரத்தை மெதுவாகச் சொன்னாள்.

"கத்தினா பதிவு பாழாயிடுமே!" என்று பதறினார் மதாம்.

"உங்களுக்குக் கதை வேணுமா, பதிவு வேணுமா?"

மதாம் கையை நீட்டி டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். "கதைதான் வேணும், கண்ணு."

மைவென் மாமா வீட்டுக்கு ஓடினாள். அவர் அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கின் மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தோலோடு பாதிக் கிழங்கும் போனது.

"மாமா, அவங்க தூங்கல. மூச்சுகூட விடாம கேட்டாங்க."

"மூச்சு விடாதவங்களுக்குக் கதை சொல்ல நான் என்ன கல்லறைப் பாதிரியாரா? போடி வேலையைப் பாத்துக்கிட்டு!"

"ஆறு வயசுல உங்க அப்பா சொன்ன கதையில தூங்கிட்டாங்களாம். ஐம்பத்திரண்டு வருஷமா அதோட முடிவைத் தேடுறாங்க. சின்ன வயசுல தூங்கினதுக்கு இன்னும் எத்தனை வருஷம் தண்டனை, மாமா?"

கத்தி நின்றது. "எங்க அப்பா கதையையா? இத்தனை வருஷமாவா?" என்றார் மாமா. எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

மதியம் மறுபடி கொட்டகையில் கூட்டம். டேப் ரெக்கார்டர் மாடி அறையில் கிடந்தது.

"கிரிக்!"

"கிராக்!" மதாம் போட்ட சத்தத்தில் கூரை மேலிருந்த கடற்பறவைகள் எழுந்து பறந்தன. மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. மாமாவின் மீசைக்குள் சிரிப்பு ஓடியதை மைவென் பார்த்தாள்.

கதை நடந்தது. முதல் கதவு, இரண்டாம் கதவு, ஒவ்வொன்றுக்கும் கிரிக், கிராக். மூன்றாம் கதவு வந்ததும் மதாம் மைவெனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவ தள்ளுறா, தள்ளுறா, கதவு திறக்கவே இல்ல. ஏன்னா, உள்ளே அவ அண்ணன் முதுகைக் குடுத்து முட்டுக் குடுத்திருக்கான். ஏதோ பூதம் வந்து இடிக்குதுன்னு அவனுக்குப் பயம்! அப்பத்தான் அவ கத்துனா, 'டேய் அண்ணா! ரொட்டியும் உப்பு வெண்ணெயும் கொண்டாந்திருக்கேன்!' பூதம் எங்கயாவது உப்பு வெண்ணெய் கொண்டு வருமா? கதவு படார்னு திறந்துது!"

கொட்டகையே சிரித்தது. மதாமும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அந்தக் கதவுக்குப் பின்னால பூதம்தான் இருக்குன்னு மூணு புத்தகத்துல எழுதிட்டேனே!" என்றார்.

மாமா குழைந்துபோனார். "இன்னும் பொழுது இருக்கு, மதாம். வேற கதை ஒண்ணு சொல்லட்டுமா?"

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வேற வேண்டாம். இதையே முதல்லேருந்து சொல்லுங்க!"