டின்னப்பன் இன்னும் தொங்குகிறார்

"காலை நிலவரம்: பிரிக்பீல்ட்ஸில் நல்ல மழை. டின்னப்பன் இன்னும் தொங்குகிறார். இடது காலணிக்குள் தண்ணீர்."

இதைத் தட்டச்சு செய்த பிறகுதான் நான் பல் தேய்ப்பேன். இந்த வரிசை அம்மாவுக்குப் பிடிக்காது.

என் பெயர் மாதவி. தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் பக்கத்தில் இருப்பவரின் எழுத்தும் ஆடும். ஒருநாள் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே, "மாதவி, நிலநடுக்கம் போதும்மா" என்றார்.

அப்படிப்பட்ட நான்தான் அசையாமல் தொங்கும் ஒரு பொம்மைக்கு வலைத்தளம் நடத்துகிறேன்.

'டப்பாபுரம்' என்று ஒரு பொம்மைத் தொடர் இருந்தது. அதில் எல்லாரும் டின்கள். இன்ஸ்பெக்டர் டின்னப்பன் ஒரு பால் டின். திருடன் மத்திக்குமார் ஒரு மத்தி மீன் டின். டின்னப்பன் யாரையும் பிடித்ததே இல்லை. கடைசிப் பகுதியில் மத்திக்குமாரைத் துரத்திக்கொண்டு மோனோரயில் மேலேயே ஏறினார். வழுக்கி விழப்போனவர், ஒற்றைக் கையால் பாதையைப் பிடித்துத் தொங்கினார். 'தொடரும்' என்று போட்டார்கள்.

தொடரவில்லை. இரண்டு வருடமாகத் தொடரவில்லை.

எங்களைப் போன்ற ரசிகர்களால் இதைத் தாங்க முடியவில்லை. நானும் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் தனேஷும் சேர்ந்து வலைத்தளம் தொடங்கினோம். கிட்டத்தட்ட ஐம்பது ரசிகர்கள் சேர்ந்தார்கள். அதில் மூன்று பேர் நான்தான். தொடக்கத்தில் கூட்டம் கம்மியாக இருந்ததால் வேறு வேறு பெயர்களில் நானே சேர்ந்துகொண்டேன்.

தளத்தில் எல்லாருக்கும் பிடித்த பக்கம் காலை நிலவரம்தான். மழை என்றால் டின்னப்பன் நனைவார். வெயில் என்றால் அவர் தலை சூடாகும். தீபாவளி நெருங்கினால் மேலிருந்து முறுக்கு வாசம் பிடிப்பார்.

ஒரு விளையாட்டும் செய்திருந்தோம். படம் தனேஷ், மற்றதெல்லாம் நான். மேலே டின்னப்பன் தொங்குவார். அவருடைய பையிலிருந்து தொப்பி, விசில், தின்ன வைத்திருந்த கறிபாப் எல்லாம் விழும். கீழே மவுஸால் ஒரு தள்ளுவண்டியை இங்கும் அங்கும் ஓட்டி அவற்றைப் பிடிக்க வேண்டும். நிறைய தவறவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆனால் டின்னப்பன் மட்டும் இறங்கவே மாட்டார். அதுதான் எங்கள் தளத்தின் சட்டம். தனேஷ் அதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான்: தொடரை எடுத்தவர்கள் இறக்கும்வரை நாம் இறக்கக் கூடாது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாதவி, நாம யாரையாவது தொங்க விட்டிருக்கோமா?"

வலைத்தளம் அப்பா பெயரில்தான் பதிவாகியிருந்தது. பங்சாரில் கணக்கு வேலை பார்க்கும் மனிதருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது பாவம்தான். அவர் அதை வாசித்துக் காட்டினார்.

"வணக்கம் சார். என் பெயர் நூருன்னிசா. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறேன். என் மகன் ஹைதருக்கு ஐந்து வயது. தினமும் காலையில் உங்கள் நிலவரத்தை வாசிக்கச் சொல்வான். இப்போது மழைக்காலம். டின்னப்பன் நனைகிறார் என்று இவனும் குடை பிடிக்க மாட்டேன் என்கிறான். நனைந்து நனைந்து காய்ச்சலே வந்துவிட்டது. தயவுசெய்து உங்கள் பொம்மையைக் கொஞ்சம் இறக்கிவிட முடியுமா?"

அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நல்லவேளை, எனக்கு அண்ணன் இல்லை. நானும் முதலில் சிரித்தேன். பிறகு 'இடது காலணிக்குள் தண்ணீர்' என்று அன்று காலை எழுதியது ஞாபகம் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கால் மட்டும் வேகமாக ஆடியது.

மறுநாள் பள்ளியில் தனேஷிடம் சொன்னேன். அவன் பாவம் என்றான், ஆனால் சட்டத்தை மாற்ற மாட்டேன் என்றான். டின்னப்பன் இறங்கிவிட்டால் நிலவரம் ஏது, தளம் ஏது, அப்புறம் நாம் யார் என்று கேட்டான்.

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். தனேஷ் ஒரு குடை வரைந்தான். அடுத்த நாள் நிலவரத்தில், "டின்னப்பனுக்குக் குடை கிடைத்துவிட்டது. இனி நனைய மாட்டார்" என்று போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பல் தேய்க்கப் போனேன்.

மாலையில் அப்பாவுக்கு அடுத்த மின்னஞ்சல். ஹைதர் ஒரு கேள்வி கேட்கிறானாம். குடையைக் கொடுக்க மேலே வரை போனவர், ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை? இப்போது அந்த ஆள்மேல் ஒரே கோபமாம். அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நனைகிறானாம்.

அந்த ஆள் நான்தான்.

அதன்பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. தனேஷுக்குத் தெரியாமல் கணினியில் டின்னப்பனை இறக்கிப் பார்த்தேன். ஏணி வைத்தேன், எட்டவில்லை. கையை விடச் செய்தேன், தரையில் விழுந்து தலை நசுங்கியது. நான் வரைந்த ஹெலிகாப்டர் மீன் மாதிரி இருந்தது. மீனைப் பார்த்து அவர் பயந்துவிடுவார் என்று அதையும் அழித்தேன். எப்படி இறக்கினாலும் அந்தப் பையனிடம் காட்டும்படி இல்லை.

நடுக்கூடத்தில் நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்த அம்மா, "என்ன கடைன்னு சொன்னாங்க? துணிக்கடையா?" என்று கேட்டார். தீபாவளிக்கு எப்படியும் ரவிக்கைத் துணி எடுக்க வேண்டுமாம். கடைக்கு வருகிறோம் என்று அப்பா நூருன்னிசா ஆன்டிக்கு ஒரு பதில் போட்டார்.

சனிக்கிழமை அம்மாவோடு ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். மடியில் மடிக்கணினி. சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் எதிரில் இருந்த பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, "கழிவறை அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றார். ரயிலில் கழிவறையே இல்லை. பாவம், அவராலும் என்னதான் செய்ய முடியும்.

கிள்ளான் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம். கடையில் நூருன்னிசா ஆன்டி துணி வெட்டும் பெரிய மேசைக்குப் பின்னால் நின்றார். அம்மா நீல நிறத்தில் ஏதாவது காட்டச் சொன்னார். அதாவது, எனக்கு நிறைய நேரம் இருந்தது.

ஹைதர் மேசைக்கு அடியிலிருந்து வந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் நிலவரம் அக்காவா?"

"ஆமா."

"குடை குடுத்தவரு யாருன்னு தெரியுமா?"

அதற்குப் பதில் சொல்லாமல் மேசையில் மடிக்கணினியையும் மவுஸையும் வைத்து, "விளையாடுறியா?" என்றேன். அவனை ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தினேன்.

அவன் மவுஸைப் பிடித்தான். வண்டியை நேராக டின்னப்பனுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். அவ்வளவுதான். இடப்பக்கம் தொப்பி விழுந்தது, போகவில்லை. வலப்பக்கம் கறிபாப் விழுந்தது, அதற்கும் போகவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது.

மறுபடியும் ஆடினான். மறுபடியும் அதே இடம். எல்லாம் விழுந்து சிதறின. ஆட்டம் முடிந்தது.

அவனுக்கு விளையாட்டு புரியவில்லை என்று நினைத்தேன். வண்டியை ஓட்டி எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். தலையாட்டினான். மூன்றாவது தடவையும் அசையாமல் நின்றான்.

"ஏன் ஹைதர் நகர மாட்டேங்கிற?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கறிபாப் புடிக்கப் போனா, அவரு விழும்போது யாரு புடிப்பா?"

ஐம்பது ரசிகர்கள் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். நான் ஒருத்தியே மூன்று பேராக ஆடியிருக்கிறேன். எல்லாரும் தொப்பியைத் துரத்தினோம், விசிலைத் துரத்தினோம். யாருக்கும் இது தோன்றவில்லை.

"கொஞ்ச நேரம் இரு" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன்.

அம்மா எட்டாவது நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் மெதுவாகத் துணி எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விளையாட்டுக்குள் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வண்டி டின்னப்பனுக்கு நேர் கீழே ஒரு நிமிடம் கொஞ்சமும் நகராமல் நின்றால், ஆட்டம் முடியாது. அவர் கையை விடுவார்.

"இப்ப ஆடு" என்றேன்.

ஹைதர் வண்டியை நிறுத்தினான். தொப்பி விழுந்தது. விசில் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்தேன். பாதி நிமிடம் போயிருக்கும். வண்டி துளி நகர்ந்தது.

"ஐயோ, கைய ஆட்டாத."

"நான் ஆட்டல."

"அப்புறம் எப்படி நகரும்?"

ஹைதர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, உங்க கால்."

மேசை ஆடியதில் மவுஸ் நகர்ந்திருக்கிறது. நீலத்தை விட்டுவிட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "அதுகிட்ட சும்மா இருன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது" என்று நூருன்னிசா ஆன்டியிடம் ஒரு பெருமூச்சோடு சொன்னார்.

அடுத்த முறை நான் கையால் காலைப் பிடித்துக்கொண்டேன். கை ஆடியது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஹைதர் இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தான், நான் போய்விடக் கூடாது என்பதுபோல. அந்தக் கை சுடச்சுட இருந்தது.

குடை கொடுத்துவிட்டுப் போய்விட்ட ஆள் நான். இந்தத் தடவை போகக் கூடாது.

இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தினேன். கால் விரல்கள் குறுகுறுத்தன. முட்டியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தெருவில் யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள், அது வேறு காலைக் கூப்பிட்டது. தொப்பி விழுந்தது. கறிபாப் விழுந்தது. நூருன்னிசா ஆன்டி கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி வெட்டாமல் நின்றார். வெட்டினாலும் மேசை ஆடுமே.

டின்னப்பன் கீழே பார்த்தார். கையை விட்டார்.

வண்டிக்குள் விழுந்தார்.

ஹைதர் கத்தவில்லை, குதிக்கவில்லை. மவுஸை விட்டுவிட்டுச் சட்டையில் மூக்கைத் துடைத்தான். அப்புறம் ஒரு பெரிய கொட்டாவி விட்டான்.

"பாவம், அவருக்குக் கை வலிக்கும்" என்றான். "உம்மா, பசிக்குது."

திரும்பும் ரயிலில் தனேஷுக்குத் தொலைபேசி செய்தேன். சட்டத்தை மீறி யார் இறக்கச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தான். நான் இறக்கவே இல்லை, கீழே ஓர் ஆள் நகராமல் நின்றதால் அவராகவே கையை விட்டார் என்றேன். ஹைதர் கேட்டதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

"வெறும் வண்டியில விழுந்தா தலை நசுங்கும் லா" என்றான் தனேஷ் கடைசியில். "வீட்டுக்குப் போனதும் அனுப்பு. நான் ஒரு மெத்தை வரையறேன்."

மறுநாள் காலை நிலவரம் இப்படி வந்தது: "மழை. டின்னப்பன் ஒரு மெத்தையில் படுத்திருக்கிறார். பிடித்தவர்: ஹைதர், கிள்ளான். குடை கொடுத்துவிட்டுப் போனவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்."

மாலையில் நூருன்னிசா ஆன்டி அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினார். கொட்டும் மழையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. அதற்குக் கீழே இரண்டு குட்டிக் கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பா அந்தப் படத்தை அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினாராம், யார் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லையாம்.

ரசிகர்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். டின்னப்பன் இன்று என்ன சாப்பிட்டார், மத்திக்குமாரைத் தேடப் போனாரா என்று தினமும் கேட்கிறார்கள். முன்பைவிட எழுத வேண்டியது அதிகமாகிவிட்டது. தனேஷ் ஏழு தடவை தோற்று, எட்டாவது தடவை டின்னப்பனைப் பிடித்தான். ஒவ்வொருவராக எல்லாரும் நின்று பிடித்துவிட்டார்கள்.

மூன்றே மூன்று ரசிகர்களால்தான் இன்னும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அந்த மூன்று பேரும் நான்தான்.