இன்னும் கொஞ்சம்

நான்கு சுற்று முடிந்த பிறகும் மேலிருந்து சுமனின் குரல், "இன்னும் கொஞ்சம்" என்றது.

சுதர்ஷினி மேசைக்கு அடியில் குந்தியிருந்தாள். பலகையில் பள்ளம் எடுக்கும் ரவுட்டர் அந்த மேசைக்குக் கீழே தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. கைப்பிடியை வலப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால், வெட்டும் பிட் மேசையின் ஓட்டை வழியே ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். இடப்பக்கம் சுற்றினால் இறங்கும். மேலே அடிமட்ட அளவுகோலை வைத்து உயரம் பார்ப்பவனுக்குக் கைப்பிடி எட்டாது, கீழே சுற்றுபவளுக்கு பிட் தெரியாது. அதனால் அவன் சொல்வான், அவள் சுற்றுவாள். இன்றைக்கு வேண்டியது ஆறு மில்லிமீட்டர். நான்கு சுற்று போதும்.

அவள் ஐந்தாவதையும் சுற்றினாள்.

போன மாதம் அவள் எண்ணிக்கை தவறி பிட் கூடுதலாக ஏறிவிட்டது. கித்துல்கல ஹோட்டலுக்குச் செய்த மரத் தட்டுகளில் பதினொன்று பாழாயின. சுமன் அவளைத் திட்டவில்லை. அப்போதுதான் நிறுத்திய ரவுட்டரின் சூட்டில் அவளுடைய வலது உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஒன்று, இரண்டு என்று நிதானமாக ஆறு வரை எண்ணினான். "ஸ்கூல் பரீட்சையில கணக்குக்கு சீ பாஸாம் இவ. ஆறு வரைக்கும் எண்ணப் பழக்கியிருக்கேன்" என்று பிறகு தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். அவன் "போதும்" என்று சொல்லும்வரை வெளியே வரக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்பது அன்று போட்ட சட்டம்.

"இன்னும் கொஞ்சம்."

அந்த அறை ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட கட்டடம். அதற்கு ஜன்னல் கிடையாது. பின்னேர மழை தகரக் கூரையில் கொட்டும்போதெல்லாம், சுவருக்குள் இத்தனை வருஷமாக ஊறிக் கிடந்த புகையும் புளித்த ரப்பர் பாலின் நாற்றமும் மெல்லக் கசிந்து வந்து அவள் தொண்டையில் படிந்தன. மூன்று மணிக்கே கரண்ட் போய்விட்டது. கதவு வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் மேசைக் கால்களுக்கு நடுவே செருப்புப் போட்ட சுமனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

ஏழு. எட்டு. ஒன்பதாவது சுற்றில் கைப்பிடி கனத்தது. ஏறிக்கொண்டிருந்த பிட் எதிலோ முட்டி நின்றதுபோல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். முட்டிக்கொண்டிருந்தது மெல்ல விட்டுக்கொடுத்தது. அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள். அடுத்த சொட்டும் விழுந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது.

சுமனின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. நுனிக்காலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

சட்டத்தை மீறி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க… சரியாத்தான் இருக்கா?"

"நான் போதும்னு சொன்னேனா?"

அவனுடைய குரல்தான். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில், அதே நேரத்தில், இன்னொரு சத்தமும் கேட்டது. வாயை அடைத்த பிறகு மூக்கால் வரும் முனகல். ஒரு தொண்டையிலிருந்து இரண்டும் வராது. அங்கே இருந்தவை இரண்டு பாதங்கள் மட்டுமே.

பதினான்கு. பதினைந்து.

நிறுத்தலாம் என்று தோன்றியது. இப்போதே நிறுத்தினால் அவன் பிழைத்துக்கொள்வான். நாளைக்கும் சொல்வான், எண்ணுவான், சிரிப்பான்.

பதினாறாவதைத் தெரிந்தேதான் சுற்றினாள்.

முனகல் கீச்சென்று உயர்ந்தது. அதைத் தாங்க முடியாமல் அவள் கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே தவழ்ந்து எழுந்தாள்.

சுமன் மேசைமீது கவிழ்ந்து கிடந்தான். இடது கை ஓட்டையின் மேல் விரிந்திருந்தது. அதன் நடுவில், புறங்கையைத் துளைத்துக்கொண்டு, பிட் நின்றது. அவனை யாரும் பிடித்திருக்கவில்லை. வாய் நிறைய மரத்தூள், உதடுவரை இறுக்கி அடைத்திருந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. கலியாணம் முடித்து ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவை அவளிடம் கெஞ்சின.

அவனுக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்திலிருந்து அவன் குரல் பேசியது.

"இன்னும் கொஞ்சம், சுதா."

அவன் ஒருநாளும் அவளைச் சுதா என்று கூப்பிட்டதில்லை.

கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேசையோடு சேர்த்துச் செய்ததுபோல் இருந்தது. பிட்டை இறக்கினால்தான் முடியும். அதற்குக் கீழே போக வேண்டும்.

குனிந்தாள். தவழ்ந்தாள்.

கைப்பிடியை ஏற்கெனவே ஒரு கை பிடித்திருந்தது.

முழங்கை வரை இருந்தது. அதற்கு அப்பால் இருட்டு. அவளைக் கண்டதும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து இடம் விட்டது.

இடப்பக்கம். இடப்பக்கம்தான் சுற்ற வேண்டும். வெந்து ஆறிய உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கை குளிர்ச்சியாக இருந்தது. வலிக்கவில்லை.

இரண்டு கைகளும் சேர்ந்து வலப்பக்கம் சுற்றின.