தாழிக்கு ஒரு தலை!

சர் லயனல் ஆஷ்கோம் தம் தோட்டப் படிக்கட்டின் அடியில் மண்டை பிளந்து கிடந்தார்!

அவர் மார்பின்மேல், முந்நூறு ஆண்டுப் பழமையென்று குடும்பமே பெருமைப்படும் அலங்காரக் கல்தாழி...

நம் முன்னோர் இறந்தவரைத் தாழிக்குள் வைத்தார்கள். வெதர்கோட் மாளிகையிலோ, தாழி இறந்தவர்மேல் இருந்தது!

“இந்தத் தோட்டக்காரக் கழுதைதான் இன்ஸ்பெக்டர்!”

கத்தியவர் இறந்தவரின் தம்பி மகன் பெரெக்ரின். உழைப்பைப் பெயர்ச்சொல்லாக மட்டுமே அறிந்தவர், வினையாக அறியாதவர்.

“பீடத்துல சரியாப் பதிக்கல இவன்! காத்துல பெரியப்பா தலைல விழுந்துருச்சு. உள்ள தள்ளுங்க!”

முதிய தோட்டக்காரர் க்ரிம்ஷா தொப்பியைக் கழற்றினார். அவர் குடியிருக்கும் குடில் மாளிகைக்குச் சொந்தம். சிறை என்றால், அதுவும் போகும்.

“நான் பதிச்சது அசையாதும்மா...”

இன்ஸ்பெக்டர் பெரில் ஹாக்ஸ்லி குனிந்தார்.

“தலை உடைஞ்சிருக்கு... தாழில ஒரு கீறல்கூட இல்லியே?”

“அந்தக் காலத்துக் கல்லு மேடம்! பரம்பரை இல்லாதவங்களுக்கு அதெல்லாம் புரியாது.”

பெரில் தாழியின் கழுத்தைப் பற்றினார்.

தூக்கினார்.

ஒரே கையால்!

கான்ஸ்டபிள் வாய் பிளந்தார். பெரெக்ரின் மட்டும் கொட்டாவி விட்டார்.

“இதுல என்ன வித்தை? நேத்து நானே ஒத்தைக் கையால...”

நிறுத்தினார்.

“நேத்து... நீங்களே?”

எங்கோ ஒரு மயில் அகவியது.

“கல்தாழின்னா நாலு ஆள் தூக்கணும் மிஸ்டர் ஆஷ்கோம்! இது ஃபைபர். பொறந்ததுலேருந்து எதையாச்சும் தூக்கியிருந்தா, பொணத்து மேல வைக்கிறப்பவே சந்தேகம் வந்திருக்கும்.”

“ஃபைபரா?!”

க்ரிம்ஷா தொண்டையைச் செருமினார்.

“பெரிய ஐயா அசலையெல்லாம் எப்பவோ வித்துட்டாருங்க. கூரை ஒழுகுச்சு. வெளிய மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

பெரெக்ரினின் முகம் சாம்பலாயிற்று.

“வித்துட்டானா கிழவன்? அந்தத் தாழிங்க எனக்கு வரும்னுதானே... அப்ப நான் எதுக்குய்யா கொன்னேன்!”

எழுவாய் இருந்தது. பயனிலையும் இருந்தது. வாக்குமூலம் முற்றுப்பெற்றது!

பெரில் விலங்கை எடுத்து அவர் மணிக்கட்டில் பூட்டினார்.

“இது அசல் இரும்பு சார். கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்... இனிமேலாவது தூக்கிப் பழகுங்க!”