மார்னியின் ஈஸ்ட் ஜாடி

அமெரிக்கா, துலூத் நகரம். ஞாயிறு, பகல் 12.05.

மார்னி ஹவுகன் கராஜில் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் ஜாடி இல்லை.

ஒரு பீர் முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட்டை எடுத்து வைத்து, அடுத்த பீரில் ஊற்றுவாள். இப்படியே ஒன்பது முறை. வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் போட்டியில் மூன்று வருடமாக முதல் பதக்கம் அவளுக்குத்தான். கடைசியாகக் காய்ச்சியது கறுப்பு பீர் என்பதால், ஜாடியில் இருந்த ஈஸ்ட்டும் காப்பி நிறம். இப்போது இந்த வருடப் போட்டிக்காகக் காய்ச்சிய தானியச் சாறு ஆறி, ஈஸ்ட்டுக்காகக் காத்திருந்தது.

12.30. ஐரீன் சொர்வாரி வந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ், சங்கச் செயலாளர்.

"கடைசியா எப்போ பார்த்த?"

"ஏழரைக்கு. சர்ச்சுக்குக் கிளம்புறப்போ."

"வீட்ல யாரு?"

"வேட் மட்டும்."

மார்னியின் கணவன் வேட் மூலையில் இருந்த மூடிய வாளியைக் காட்டினான். "எட்டு மணிக்கு என் வெள்ளை பீருக்குப் பாக்கெட் ஈஸ்ட் போட்டுட்டு, வாசல்ல பனி தள்ளப் போனேன். ஒன்பதரைக்கு டாரல் வந்தான். இரவல் வாங்கின குழாயை அவனே உள்ள வச்சுட்டுப் போனான்."

டாரல் பெல்கி மூன்று வருடமாக இரண்டாம் இடம். கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

"எரிச்சல் இருக்குமே?" என்றாள் ஐரீன்.

"நிறைய இருக்கு. ஆனா ஜாடிய நான் தொடல."

"அந்தக் கோட்டுக்குள்ள ரெண்டு ஜாடி போகும்," என்றான் வேட்.

"போட்டிப் பட்டியல்ல இருந்து அவன் பேரை அடிச்சிடு, ஐரீன்," என்றாள் மார்னி.

வாளி மூடியில் செருகிய காற்றுக் குழல் பளக் பளக்கென்று நிற்காமல் குமிழ் விட்டது.

ஐரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். 12.55.

"மார்னி, பாக்கெட் ஈஸ்ட் போட்டா இப்படிக் குமிழ் விட எவ்வளவு நேரம்?"

"ஒரு நாள் ஆகும்."

"உன் ஜாடி ஈஸ்ட்?"

"நாலு மணி நேரம்..." மார்னி வேட் பக்கம் திரும்பினாள்.

ஐரீன் மூடியைத் திறந்தாள். விளிம்புவரை நுரை. வெள்ளை பீரின் நுரையில் காப்பி நிறக் கோடுகள்.

"எட்டு மணிக்கே ஈஸ்ட் போட்டேன்னு நீயே சொன்ன, வேட். டாரல் வந்தது ஒன்பதரைக்கு. எடுத்தது நீதான்."

வேட் ஸ்டூலில் உட்கார்ந்தான். "இவளுக்குக் காய்ச்சக் கத்துக்கொடுத்ததே நான். இப்போ எங்க போனாலும் 'மார்னி புருஷன்தானே'ங்கிறாங்க."

"கேட்டிருந்தா பாதி கொடுத்திருப்பேன்."

"கேட்டு வாங்கினா அதுவும் உன் பதக்கம்தானே."

"வாளியில இருந்து கொஞ்சம் எடுத்துக்கோ, மார்னி," என்றாள் ஐரீன்.

"அதை நான் தொட மாட்டேன்." மார்னி டாரலைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோ."

டாரல் கார் சாவியை எடுத்தான். "என்கிட்ட ஒரு ஜாடி இருக்கு. உன் ஜாடி அளவுக்கு வராது. வா, தர்றேன்."

"அதுல நான் ஜெயிச்சா?"

"வயிறு பத்திக்கும். வேற என்ன செய்ய?"

மார்னி சிரித்துவிட்டாள். இருவரும் காரில் ஏறுவதை வேட் ஜன்னல் வழியே பார்த்தான். பிறகு வாளியை மீண்டும் மூடினான்.